பிளாக்பர்ன் ரோவர்ஸ்: பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தது யார்?

2010 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான பிளாக்பர்ன் ரோவர்ஸ் தன் மேனேஜர் சாம் அலர்டைஸைப் பதவியிலிருந்து நீக்கியது. அணி அப்போது 17 ஆட்டங்களில் 21 புள்ளி எடுத்து, நாட்டின் முதல் பிரிவான பிரீமியர் லீக் பட்டியலில் 13ஆவது இடத்தில் இருந்தது. இந்தியாவின் வெங்கீஸ் நிறுவனம் கிளப்பை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த சீசனில் மீதியிருந்த 21 ஆட்டங்களில் கிடைத்தது 22 புள்ளி. அடுத்த சீசனில் 38 ஆட்டங்களுக்கும் சேர்த்து 31 புள்ளிதான். அதோடு பிரீமியர் லீக்கை விட்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய ரோவர்ஸ் இன்னும் திரும்பி ஏறவில்லை.

இந்தச் சரிவைப் பற்றிப் பேச்சு வந்தால் ரசிகர்களில் பாதிப்பேர் அலர்டைஸுக்குப் பின் வந்த ஸ்டீவ் கீனின் அணித்தேர்வைத் திட்டுவார்கள். மீதிப்பேர் உரிமையாளர்களைத் திட்டுவார்கள். இரண்டையும் தனித்தனிப் புகார்களாகப் பார்ப்பதால்தான் இந்தக் கதை நமக்குப் பிடிபடுவதில்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமை மதியம் ஒட்டப்படும் பதினோரு பேர் பட்டியல் கடைசியாக எடுக்கப்படும் முடிவு. மேனேஜர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார், எந்த வீரர் விற்கப்பட்டார், யாருடைய ஆலோசனையில் யார் வந்தார் என்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ரோவர்ஸ் விஷயத்தில் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர முடியும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

வெங்கீஸுக்கு முன்

லங்காஷயரில் ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஊர் பிளாக்பர்ன். அதன் கிளப் 1875இல் தொடங்கியது. 1888இல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கை உருவாக்கிய 12 கிளப்புகளில் ஒன்று. 1890இலிருந்து ஈவுட் பார்க் மைதானத்தில் ஆடிவருகிறது.

1990களின் தொடக்கத்தில் ஜாக் வாக்கர் என்ற எஃகு வியாபாரி கிளப்பைக் கையில் எடுத்தார். அதே ஊரில் பிறந்து வளர்ந்து, சிறுவயதிலிருந்து ரோவர்ஸ் ரசிகராக இருந்தவர். இரண்டாம் பிரிவில் கிடந்த அணிக்கு கென்னி டால்கிலிஷை மேனேஜராகக் கொண்டுவந்தார். 1992இல் ஆலன் ஷியரரையும் 1994இல் கிறிஸ் சட்டனையும் பெரும் விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தார். 1994-95இல் ஷியரர் 34 கோல், சட்டன் 15 கோல் அடித்தார்கள். கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், மான்செஸ்டர் யுனைட்டெட் வெஸ்ட் ஹாமை வெல்ல முடியாமல் போனதால் ரோவர்ஸ் சாம்பியன் ஆனது.

வாக்கர் பணத்தால் வாங்கிய பட்டம் என்று இதைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பணம் கொடுத்தார், ஆட்களை டால்கிலிஷ் தேர்ந்தெடுத்தார். அந்தப் பிரிவினை தெளிவாக இருந்தது. 2000இல் வாக்கர் இறந்த பிறகு அவர் குடும்ப அறக்கட்டளையிடம் கிளப் இருந்தது. பணம் குறைந்தது, ஆனால் நிர்வாகம் தடுமாறவில்லை. தலைவர் ஜான் வில்லியம்ஸின் காலத்தில் 2002இல் லீக் கோப்பை வந்தது. மார்க் ஹியூஸின் கீழ் 2006இல் 6ஆம் இடம். அலர்டைஸின் கீழ் 2009-10இல் 10ஆம் இடம். இவ்வளவு சிறிய ஊரின் அணி இதைச் செய்தது என்றால், பின்னால் நல்ல மூளைகள் இருந்தன என்று பொருள்.

அறக்கட்டளை வாங்குபவரைத் தேடிக்கொண்டிருந்தது. 2010 நவம்பரில் புனேயின் வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் குழுமம், நாம் வெங்கீஸ் என்ற பெயரில் அறிந்த கோழிப்பண்ணை நிறுவனம், 2.3 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியது. குழுமத்தின் தலைவர் அனுராதா தேசாய். சகோதரர்கள் வெங்கடேஷ் ராவும் பாலாஜி ராவும் உடனிருந்தார்கள். பிரீமியர் லீக் கிளப் ஒன்று ஓர் இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்தது அதுதான் முதல்முறை. இரவு கண்விழித்து ஆட்டம் பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி தந்த பெருமை உண்மையானது. நானும் அன்று மகிழ்ந்தேன்.

முதல் முடிவு

அலர்டைஸின் ஆட்டம் அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உயரப் பந்து, ஃப்ரீ கிக், கார்னர், நீளமான த்ரோ. பின்னால் கிறிஸ்டோபர் சாம்பா, ரயன் நெல்சன் போன்ற திடகாத்திரமான சென்டர் பேக்குகள். மோர்ட்டன் கம்ஸ்ட் பெடர்சனின் இடதுகால் பந்தைக் கொண்டுவந்து போடும், பெரிய உடம்புக்காரர்கள் முட்டி மோதுவார்கள். நீக்கப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு மான்செஸ்டர் யுனைட்டெடின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் 7-1 என்று தோற்றிருந்தார். புதிய உரிமையாளர்கள் கண்ணுக்கு இனிய கால்பந்தை விரும்பினார்கள். பட்டியலின் மேல்வரிசையைப் பற்றியும் பேசினார்கள்.

அழகாக ஆட வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் ஓர் அணியை ஒரு விதமாக ஆடுவதற்கென்று ஆள் பார்த்துச் சேர்க்கிறார்கள். அதற்கு ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். டிசம்பர் நடுவில் மேனேஜரை மட்டும் மாற்றினால் ஆட்டமுறை மாறாது. உயரப் பந்துக்காக வாங்கிய அதே ஆட்களை வைத்துக்கொண்டு புதியவர் தரையில் பாஸ் கொடுக்கச் சொல்ல வேண்டியதாகிறது. அணித்தேர்வில் ரோவர்ஸின் முதல் பெரிய தவறு அன்றைக்கே நடந்தது. அதைச் செய்தவர்கள் யாரும் பயிற்சி மைதானத்தில் இருந்தவர்கள் அல்லர்.

சரி, அடுத்து யாரைக் கொண்டுவந்தார்கள்? முதல் அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீனை. அதுவரை எந்த அணிக்கும் நிரந்தர மேனேஜராக இருந்திராதவர். முதலில் தற்காலிகம் என்றார்கள், பிறகு சீசன் முடியும்வரை என்றார்கள், கடைசியில் நீண்ட ஒப்பந்தமே கொடுத்தார்கள். வெங்கீஸ் கிளப்பை வாங்கும்போது ஆலோசனை சொன்ன முகவர் ஜெரோம் ஆண்டர்சன்தான் கீனுக்கும் முகவர். 2011 ஜனவரியில் ஆண்டர்சனின் மகன் மைல்ஸ் ரோவர்ஸில் ஒப்பந்தமானார். முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பின்னர் வெளியேறினார். இதில் யாரும் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளப்பை வாங்க உதவியவர், மேனேஜரின் முகவர், ஒரு வீரரின் தந்தை என்று மூன்று உறவும் ஒருவரிடமே இருக்கும்போது, 'இந்த ஆளை எதற்காக எடுத்தீர்கள்?' என்று யார் யாரைக் கேட்பது? அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஜான் வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் பதவி விலகிவிட்டார். அந்த விலகல்தான் இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கணிப்பு. கீனின் நியமனத்தைவிடவும் பெரிய இழப்பு அது.

அந்த சீசனின் கடைசி நாளில் வுல்வ்ஸ் மைதானத்தில் 3-2 என்று வென்று ரோவர்ஸ் 15ஆம் இடத்தில் தப்பியது. ஜேசன் ராபர்ட்ஸ், பிரெட் எமர்ட்டன், ஜூனியர் ஹாய்லெட் மூவரும் முதல் பாதியிலேயே கோலடித்தார்கள். அந்தத் தப்பிப்பே அடுத்த வருடத்துக்கான எச்சரிக்கையை மறைத்துவிட்டது.

2011-12: எண்கள் சொல்வது

இந்த ஆய்வின் மையம் இந்த சீசன்தான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ரோவர்ஸ் 48 கோல் அடித்தது. அதே சீசனில் ஸ்டோக் 36, ஆஸ்டன் வில்லா 37, விகன் 42, க்யூ.பி.ஆர். 43 கோல்தான் அடித்தன. நான்கும் பிரீமியர் லீக்கில் தங்கிவிட்டன. அதிகம் அடித்த ரோவர்ஸ் 19ஆம் இடத்தில் இறங்கியது. காரணம் அடுத்த எண்ணில் இருக்கிறது. வாங்கிய கோல்கள் 78. அதைவிட அதிகமாக வாங்கிய ஒரே அணி கடைசி இடத்தில் இருந்த வுல்வ்ஸ், 82.

முன்வரிசையில் குறையே இல்லை. யாக்குபு மட்டும் லீக்கில் 17 கோல் அடித்தார். ஹாய்லெட் ஓட்டமும் குறுக்கு வெட்டுமாக மிரட்டினார். நடுவில் நின்ற ஸ்டீவன் இன்சோன்சி பின்னாளில் 2018 உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியில் இருந்தவர். ஆர்சனலை 4-3 என்று வென்றது இந்த அணி. 2011 டிசம்பர் 31 அன்று, யுனைட்டெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் எழுபதாவது பிறந்தநாளில், ஓல்ட் டிராஃபோர்டில் யுனைட்டெடை 3-2 என்று வீழ்த்தியதும் இதே அணிதான். யாக்குபு இரண்டு கோல், இருபது வயது கிராண்ட் ஹான்லி தலையால் முட்டி வெற்றிக் கோல். அந்த ஆட்டத்தின் நேரத்தில் பட்டியலின் அடியில் இருந்த அணி இது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இனி, பின்வரிசையைப் பாருங்கள். 2011 கோடையில் 19 வயது ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைட்டெடுக்குப் போனார். 2012 ஜனவரியில் நெல்சன் வெளியேறினார். கிளப்பை விட்டுப் போக விரும்பிய சாம்பா பிப்ரவரியில் ரஷ்யாவின் அன்ஷி அணிக்கு விற்கப்பட்டார். ஆக, வெங்கீஸ் வாங்கியபோது இருந்த அணியின் முதுகெலும்பான மூன்று டிஃபெண்டர்களும் 2011 கோடைக்கும் 2012 பிப்ரவரிக்கும் இடையில் போய்விட்டார்கள். ஸ்காட் டான் வந்தார், நல்ல டிஃபெண்டர்தான், ஆனால் மூவர் போன இடத்தை ஒருவர் நிரப்ப முடியாது. கீன் 'யாரை ஆட வைப்பது' என்று யோசிக்க உட்கார்ந்தபோது அவர் முன்னால் இருந்தது பெரும்பாலும் இளையவர்களும் புதியவர்களும்தான்.

கீன் மேல் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. முன்னிலையில் இருந்த ஆட்டங்களை அவர் அணி காப்பாற்றத் தெரியாமல் விட்டது. தோற்ற பிறகும் எல்லாம் சரியான திசையில் போகிறது என்றே பேசிவந்தார், அது ரசிகர்களை மேலும் காயப்படுத்தியது. ஆனால் வாராவாரம் ஈவுட் பார்க்கில் ஒலித்த கோஷங்களும் அவர் மீது கொட்டப்பட்ட வசவும் அவருக்குரிய பங்கைவிடப் பல மடங்கு அதிகம். உரிமையாளர்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். கையெட்டும் தூரத்தில் நின்றவர் கீன். கோபம் அவர் மேல் விழுந்தது.

இடையே, 2011 அக்டோபரில், நெருக்கடியில் இருந்த அணியைப் புனேக்கு அழைத்து வந்து புனே எஃப்.சி.யோடு ஒரு காட்சி ஆட்டம் ஆட வைத்தார்கள். 3-0 வெற்றி. வெங்கீஸ் கோழி விளம்பரத்திலும் வீரர்கள் நடித்தார்கள். இந்தியாவில் கால்பந்து வளர வேண்டும் என்று விரும்புகிறவன் நான், இங்கே ஒரு பிரீமியர் லீக் அணி வருவது எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த வாரம் அந்த அணி இருக்க வேண்டிய இடம் பிளாக்பர்னின் பயிற்சி மைதானம்.

2012 மே 7. விகனுக்கு எதிராக ஈவுட் பார்க்கில் 1-0 தோல்வி, அன்டோலின் அல்கராஸின் கோல். அந்த ஆட்டத்தின் நடுவே ரோவர்ஸ் கொடி போர்த்திய கோழி ஒன்றை யாரோ மைதானத்துக்குள் விட்டார்கள். உலகம் முழுக்க அதைக் காட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தங்கள் குரல் எட்டாத உரிமையாளர்களிடம் எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தவித்த மக்கள் அவர்கள். அன்றோடு 11 வருடப் பிரீமியர் லீக் வாழ்க்கை முடிந்தது.

ஒரே சீசனில் எத்தனை கைகள்

2012-13க்குள் இன்னொருவர் வந்தார்: ஷெபி சிங். மலேசியாவின் முன்னாள் வீரர், ஆசியத் தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசியவர் என்பதால் நம் ஊர் ரசிகர்களுக்கும் நன்கு தெரிந்த முகம். உலக ஆலோசகர் என்ற பதவி. ரசிகர்களோடு நடந்த ஒரு கூட்டத்தில் பெடர்சனை ஓய்வூதிய வயதுக்காரர் என்று சொன்னார். அந்த வீரரை அந்த வாரம் ஆட வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய மேனேஜரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மேலிருப்பவர் தன் கருத்தை ஊரறியச் சொல்லிவிட்டார். இனி பெடர்சனை எடுத்தால் எதிர்ப்பு, எடுக்காவிட்டால் பணிவு. ஆட்டம் பற்றிய நியாயத்துக்கு அங்கே இடமில்லை.

செப்டம்பர் 28இல் கீன் விலகினார். எரிக் பிளாக் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். 1995 சாம்பியன் அணியின் டிஃபெண்டர் ஹென்னிங் பெர்க் வந்தார், 57 நாள், பத்து ஆட்டம், ஒரே வெற்றி, நீக்கம். கேரி போயர் தற்காலிகம். மைக்கேல் ஆப்பிள்டன் வந்தார், 67 நாள், நீக்கம். மறுபடி போயர். பெர்க் தனக்குச் சேர வேண்டிய தொகைக்காக நீதிமன்றம் போனார். அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கொடுக்கத் தன் நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை, 22.5 லட்சம் பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று.

ஒரு வீரரின் பக்கத்திலிருந்து இந்த சீசனைப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு மேனேஜர் உன்னை வலப்பக்கம் ஆடச் சொல்கிறார். நவம்பரில் வந்தவர் பெஞ்சில் உட்காரச் சொல்கிறார். ஜனவரியில் வந்தவருக்கு உன்னைத் தெரியவே தெரியாது. யாரும் நாலு மாதம் நிலைப்பதில்லை என்பதால் எல்லா மேனேஜரும் அடுத்த சனிக்கிழமையைத் தாண்டி யோசிப்பதில்லை, இளைஞனை வளர்க்கும் பொறுமை எவருக்கும் வாய்ப்பதில்லை. அந்த வருடம் ரோவர்ஸைக் காத்தது ஒரே கொள்முதல். 80 லட்சம் பவுண்டுக்கு ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து வந்த ஜோர்டன் ரோட்ஸ் லீக்கில் 27 கோல் அடித்தார், அணியின் மொத்தக் கோல்களில் ஏறக்குறைய பாதி. உரிமையாளர்கள் பணம் செலவழிக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். செலவழித்தார்கள். எதற்கு, யார் சொல்லி என்பதில்தான் சிக்கல்.

விளைவு தொடர்ந்தது. 2014 டிசம்பரில் நிதி விதிகளை மீறியதற்காக வீரர்களை வாங்கத் தடை வந்தது. 2016 தொடக்கத்தில் ரோட்ஸ் விற்கப்பட்டார். அந்தக் கோடையில் ஓவன் காயிலை மேனேஜராக்கினார்கள், பரம எதிரி பர்ன்லியில் மேனேஜராக இருந்தவர். 2017 பிப்ரவரியில் அவரும் போனார். டோனி மோப்ரே வந்து 15 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே தோற்றார். ஆனாலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ரோவர்ஸும் 51 புள்ளியில் சமமாக நிற்க, இரண்டே கோல் வித்தியாசத்தில் ரோவர்ஸ் மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிறகு அங்கே விழுந்த முதல் அணி இதுதான்.

விட்டுவைத்தபோது நடந்தது

அந்த இறக்கத்துக்குப் பிறகு உரிமையாளர்கள் மோப்ரேயை நீக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார். 2017-18இல் 96 புள்ளியோடு உடனே மேலே ஏறினார்கள், பிராட்லி டாக் 18 கோல். பிறகு அணியில் கிளப்பின் சொந்த அகாடமிப் பையன்கள் வரத் தொடங்கினார்கள். பிளாக்பர்னிலேயே பிறந்த ஆடம் வார்ட்டன் அதன் மிகச்சிறந்த விளைச்சல். அவர் 2024 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டு, அதே வருடம் யூரோ கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இடம்பிடித்தார். அகாடமிக்குத் தொடர்ந்து பணம் போட்டவர்கள் வெங்கீஸ்தான், அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. அதே உரிமையாளர்கள், அதே ஊர். மேனேஜரைத் தன் வேலையைச் செய்ய விட்டபோது அணி உருப்பட்டது.

ஆனால் அலுவலகம் மாறவில்லை. 2023 ஜனவரி கடைசி நாளில் ஃபாரஸ்டின் லூயிஸ் ஓ'பிரையனை லோனில் எடுக்க எல்லாம் பேசி முடித்த பிறகு காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த சீசனில் ரோவர்ஸ் சண்டர்லாண்டுக்குச் சமமாக 69 புள்ளி எடுத்தும் கோல் வித்தியாசத்தில் 7ஆம் இடம், பிரீமியர் லீக்குக்கு ஏற வாய்ப்புத் தரும் பிளே-ஆஃப் கைநழுவியது. ஒரே ஒரு டிரா வெற்றியாகியிருந்தால் போதும். மேனேஜர் யோன் டால் டோமசன் தேர்ந்தெடுத்த வீரரை அலுவலகம் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 பிப்ரவரி தொடக்கத்தில், அமெரிக்க ஸ்ட்ரைக்கர் டங்கன் மெக்வயர் விஷயத்தில் மறுபடியும் காகிதக் கோளாறு. சில நாளில் டோமசன் விலகிப் போனார்.

இதனிடையே இந்தியாவில் அமலாக்கத் துறையின் விசாரணை காரணமாக, வெங்கீஸ் பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. அனுப்பும் தொகைக்கு ஈடாக வங்கி உத்தரவாதமும் கேட்டார்கள். லங்காஷயரில் ஒரு லெஃப்ட் பேக் வாங்கலாமா என்பது டெல்லியில் வாய்தா தேதியைப் பொறுத்து அமைந்தது. உள்ளூர்க் கிளப்பின் பணப்பை வேறு நாட்டில் இருந்தால் என்னவாகும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

என்ன கேட்கலாம்

வெங்கீஸ் விற்றுவிட்டுப் போகட்டும் என்பது பிளாக்பர்ன் ரசிகர்கள் பலரின் கோரிக்கை. ஒவ்வொரு வருடமும் ஏற்படும் நஷ்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் போனால் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று தெரியாமல் அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. பக்கத்திலேயே பரி கிளப் 2019இல் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டதைப் பார்த்தோம்.

நான் கேட்பது வேறு. கால்பந்து தெரிந்த, பிளாக்பர்னிலேயே குடியிருக்கும், கையெழுத்துப் போடும் அதிகாரமுள்ள ஒரு நிர்வாகி வேண்டும், வில்லியம்ஸைப் போல. ஜூன் மாதத்துக்குள் மேனேஜரிடம் 'உனக்கு இவ்வளவு பணம்' என்று சொல்லிவிட வேண்டும். மேனேஜரின் முகவரும் கிளப்பின் ஆலோசகரும் ஒருவராக இருக்கக் கூடாது. உரிமையாளர்கள் வருடத்தில் ஒருமுறையாவது ஈவுட் பார்க்கில் வந்து உட்கார்ந்து கேள்விகளை எதிர்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 2025இல் சட்டமான கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி ஒரு சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வந்திருக்கிறது. உரிமையாளர்களைச் சோதிக்கவும், முக்கிய விஷயங்களில் கிளப்புகள் ரசிகர்களோடு கலந்தாலோசிக்கச் செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது பார்க்கும். அணியை நடத்தும் முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்பதையும் பார்த்தால் நல்லது.

ஏனென்றால் பிரச்சினை பழையதாகிவிடவில்லை. 2025 பிப்ரவரியில் மேனேஜர் ஜான் யூஸ்டேஸின் ரோவர்ஸ் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் 5ஆம் இடத்தில், பிளே-ஆஃப் வரிசைக்குள் இருந்தது. அந்த நிலையில் அவர் பதவியை விட்டுவிட்டு, இறங்கும் வரிசையில் தத்தளித்துக்கொண்டிருந்த டெர்பி கவுன்ட்டிக்குப் போனார். மேலே ஏறும் வாய்ப்புள்ள அணியை விட்டுக் கீழே விழப்போகும் அணிக்கு ஒரு மேனேஜர் தானாகப் போகிறார் என்றால், எந்த இடத்தில் தன் வேலையைச் செய்ய விடுவார்கள் என்று அவர் நினைத்தார் என்பது தெரிகிறது. வலேரியன் இஸ்மாயில் வந்து சீசனை முடித்தார். ரோவர்ஸ் மறுபடி 7ஆம் இடம், பிளே-ஆஃபுக்கு இரண்டு புள்ளி குறைவு.